கையின் வியப்பும் நோவின் காவலும்

மனிதன் தன் வாழ்நாளில் மிகுதியாகக் காண்பதும் மிகக் குறைவாகக் கருதிப் பார்ப்பதும் தன் கையையே எனலாம். காலையில் எழுந்து முகங் கழுவுவதும், சோற்றைப் பிசைந்து கவளமாக்கி வாயிலிடுவதும், ஏட்டைப் புரட்டுவதும், எழுதுகோலைப் பிடிப்பதும், ஆண்டவர் சந்நிதியில் கூப்பி நிற்பதும் அதுவே. எனினும், அது பழுதின்றி வேலை செய்யுமளவும் நாம் அதனை நினைப்பதில்லை. விரல் நுனியில் ஒரு சிறு முள் தைத்த பின்னரே நமக்குக் கை ஒன்று உண்டென்னும் நினைவு வருகின்றது. இஃது அற்ப விஷயம்போலத் தோன்றினும், இதனுள் பெரியதோர் உண்மை மறைந்து கிடக்கின்றது. சரீரத்தின் அமைப்பைக் கண்டு வியந்து சிருஷ்டிகரைத் துதிக்கின்ற நாம், அதில் எதனைக் கண்டு வியத்தல் வேண்டும், வியந்த பின் என் செய்தல் வேண்டும் என்பனவற்றை அம்முள்ளே நமக்குப் போதிக்கக் கூடும். அதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கையின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வயது வந்த மனிதனுடைய எலும்புக்கூட்டில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் ஒரு கையின் மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 27 எலும்புகள் அமைந்திருக்கின்றன. இரு கைகளுக்கும் சேர்த்து 54 ஆதலின், முழுச் சரீரத்திலுமுள்ள எலும்புகளில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இவ்விரு சிறிய உறுப்புகளிலேயே அடங்கியுள்ளன. அதனினும் வியக்கத்தக்கது மற்றொன்றுண்டு. விரல்களை மடக்கவும் நிமிர்த்தவும் வல்ல தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. பாவைக் கூத்தாடுவோன் திரைக்குப் பின்னே நின்று கயிற்றை இழுத்துப் பாவையை ஆட்டுவிப்பதுபோல, அத்தசைகள் வெண்மையான நாண்களின் வாயிலாகத் தூரத்திலிருந்தே விரல்களை இயக்குகின்றன. விரலிலேயே தசைகள் திரண்டிருக்குமாயின், வீணையின் தந்தியை மீட்டவோ, தறியில் அறுந்த இழையை முடியவோ ஏற்ற மெல்லிய விரல் நமக்கு வாய்த்திராது. இவ்வளவும் கூடியும், தொட்டறியும் உணர்வு இல்லையேல் கை பாதிக் கையே. சட்டைப் பைக்குள் கையிட்டுக் காணாமலே இன்ன நாணயம் இதுவென எடுக்கின்றோம். துணியைத் தடவிப் பட்டோ பருத்தியோ எனக் கூறுகின்றோம். விரல் நுனி ஒரு கண் என்றால் அது மிகையன்று.

இத்தகைய அமைப்பை ஆராய்ந்த மேல்நாட்டறிஞர் சிலர் இதனையே கடவுள் உண்மைக்குச் சான்றாக எடுத்தாண்டனர். 1802ஆம் ஆண்டில் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, கடிகாரத்தைக் கண்டவன் அதனைச் செய்தவன் ஒருவன் உண்டெனத் துணிதல்போல, உயிர்களின் அமைப்பைக் கண்டவன் சிருஷ்டிகரை ஒப்புக்கொள்ளல் வேண்டும் என வாதித்தார். 1829ஆம் ஆண்டில் காலஞ்சென்ற பிரிட்ஜ்வாட்டர் பிரபு, கடவுளின் வல்லமையும் ஞானமும் நன்மையும் சிருஷ்டியில் விளங்குமாற்றைக் கூறும் நூல்களை எழுதுவிக்கும்பொருட்டு 8000 பவுன் விட்டுச் சென்றார். அந்நூல்வரிசையில் கையைப் பற்றிய நூலை 1833ஆம் ஆண்டில் வெளியிட்டவர் சார்லஸ் பெல் என்பார். நரம்புகளின் தொழிலை ஆராய்ந்து புகழ்பெற்ற ரண சிகிச்சை நிபுணர் இவர். முகத்தின் ஒரு பக்கம் செயலற்றுப்போகும் வாதம் ஒன்று இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றது. கையின் ஒவ்வொரு பகுதியும் ஒரு நோக்கத்தோடு அமைக்கப்பட்டது என்பதே அவர் நூலின் முடிபு.

கால் நூற்றாண்டு கழிந்தது. 1859ஆம் ஆண்டில் டார்வின் தமது நூலை வெளியிட்டார். மனிதனுடைய கை, அகழெலியின் முன்னங்கால், குதிரையின் கால், கடற்பன்றியின் துடுப்பு, வௌவாலின் சிறகு ஆகிய யாவும் எலும்பமைப்பில் ஒரே மாதிரியைப் பின்பற்றுதலை அவர் எடுத்துக் காட்டி, பொது மூதாதையொன்றிலிருந்து இவை வழிவழியாக வேறுபட்டு வந்தமையே அதன் காரணம் என்றார். பேலியும் பெல்லும் கட்டிய கோட்டை சரிந்து வீழ்ந்ததெனப் பலர் மகிழ்ந்தனர், பலர் அஞ்சினர். அம்மகிழ்ச்சியும் அச்சமும் இன்றும் நம் விடுதிகளின் திண்ணைகளில் இரவு வெகுநேரம் வரை வாதமாய் நடந்துவருதலை நாம் அறிவோம்.

மகிழ்வோரும் அஞ்சுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது என் கருத்து. நம் அறிவு எட்டாத இடத்தில்தான் கடவுளுக்கு இடம் உண்டென இருசாராரும் எண்ணிவிட்டனர். ஆகவே, அறிவு ஓரடி முன்வைத்தால் கடவுள் ஓரடி பின்வாங்க வேண்டியதாகின்றது. இத்தகைய விசுவாசம் ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போகும். அன்றியும், சரீரத்தில் குறையே இல்லையென வாதிப்போர் உண்மையை மறைப்போராவர். நம் கண்ணின் உட்திரையில் நரம்பு வெளிச்செல்லும் இடம் பார்வையற்றதாக இருக்கின்றது. குரல்வளைக்குச் செல்லும் நரம்பொன்று நேரே செல்லாமல் மார்புக்குள் இறங்கி, பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகின்றது. கடைவாய்ப் பல் முளைக்க இடமின்றிப் படும்பாட்டை நம்முள் பலர் அனுபவித்திருக்கின்றோம். இவை நெடிய உயிர்வரலாற்றின் தழும்புகள். இவற்றை ஒப்புக்கொள்வதனால் விசுவாசத்திற்கு யாதொரு கேடும் இல்லை. வீடு கட்டப்பட்ட முறையை அறிந்தவன், அவ்வீட்டில் தன்னைக் குடிவைத்த தந்தையின் அன்பை மறுக்க வேண்டுவதில்லை. 139ஆம் சங்கீதத்தைப் பாடிய பக்தன் கடவுள் உண்டென நிரூபிக்கப் புகுந்தவனல்லன்; தன்னை அறிந்தவர் ஒருவர் உண்டென உணர்ந்து நெஞ்சு நடுங்கி நின்றவன். வியப்பு என்பது வாதத்தின் முடிவன்று. அது வணக்கத்தின் தொடக்கம்.

ஆனால், அத்தொடக்கம் எங்கே கொண்டுசெல்லுதல் வேண்டும்? பெல் நோக்கியது நலமுள்ள கையை. கிறிஸ்தவன் நோக்க வேண்டிய வேறொரு கையும் உண்டு. அதனைக் காண நாம் சீமைக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே காணலாம்.

1914ஆம் ஆண்டில், கொல்லிமலையில் ஊழியம் செய்துவந்த ஜெஸ்ஸி, எவலின் என்னும் மிஷனரி தம்பதிகளுக்குப் பால் பிராண்ட் பிறந்தார். மலைச் சிறுவரோடு விளையாடி வளர்ந்த அவர், படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929ஆம் ஆண்டில் தந்தையார் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். மகன் முதலில் தச்சு வேலையும் கட்டிட வேலையும் பயின்று, பின்னர் வைத்தியம் கற்று, ரண சிகிச்சையில் தேர்ந்தார். 1946ஆம் ஆண்டில் வேலூருக்கு வந்தார். அங்கே ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையோடு தொடங்கிய வைத்திய ஊழியம், 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் ஈன்று, பெரிய ஸ்தாபனமாக வளர்ந்திருந்தது.

1947ஆம் ஆண்டில் பிராண்ட், செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் என்னும் வைத்தியர் நடத்திவந்த தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றார். நாம் இக்காலத்தில் தொழுநோய் என வழங்கும் இதனை முன்னோர் பெருநோயென்றும் குஷ்டமென்றும் கூறினர். அங்கே விரல்கள் கொக்கிபோல் மடங்கிக் கிடந்த நோயாளி ஒருவரைக் கண்டு, தம் கையை அவர் கைக்குள் கொடுத்து, இறுக்கிப் பிடிக்குமாறு கேட்டார். வலுவற்ற பிடியையே அவர் எதிர்பார்த்தார். ஆனால் நகங்கள் உள்ளங்கையில் பதியுமளவுக்கு அப்பிடி வன்மையாக இருந்தது. செத்த கையென எல்லோரும் கைவிட்ட கைக்குள் உயிருள்ள தசைகள் இருக்கின்றன என்பதை அந்நோவினால் அவர் அறிந்தார்.

அதன் காரணமும் பின்னர் விளங்கிற்று. 1873ஆம் ஆண்டில் நார்வே தேசத்து ஹான்சன் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமி, சரீரத்தின் குளிர்ந்த பகுதிகளையே விரும்பித் தங்குகின்றது. முழங்கை, மணிக்கட்டு முதலிய இடங்களில் தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்புகள் அதனால் கெடுகின்றன. ஆழ்ந்த இடத்திலுள்ள நரம்புகள் தப்புகின்றன. ஆகவே உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலற்றுப்போக, முன்கையிலுள்ள பெருந்தசைகள் பல உயிரோடு நிற்கின்றன. அத்தகைய தசையொன்றின் நாணை எடுத்து, வேறு வழியாகச் செலுத்தி, விரலோடு பிணைத்துவிட்டால், மடங்கிய விரல் நிமிரக் கூடும். பிராண்டும் அவர் தோழரும் வேலூரிலும், 1955ஆம் ஆண்டில் தொடங்கிய கரிகிரி நிலையத்திலும் இச்சிகிச்சையைச் செய்து ஏராளமான கைகளுக்கு மறுவாழ்வு அளித்தனர். கையின் அமைப்பைக் கற்றறிந்து வியந்த வியப்பு இங்கே கருவியாகவும் மருந்தாகவும் மாறியது.

எனினும், மற்றொரு மர்மம் எஞ்சி நின்றது. தொழுநோயாளரின் விரல்கள் குறைந்து தேய்ந்துபோவதேன்? நோயினால் சதை தானே அழுகி உதிர்கின்றதென்பதே அந்நாளில் பலருடைய எண்ணம். ஒரு நாள் துருவேறிய பூட்டு ஒன்றைத் திறக்க மாட்டாது பிராண்ட் திகைத்து நின்றபோது, ஏறத்தாழ பத்து வயதுள்ள நோயாளிச் சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பெரியவரால் இயலாதது சிறுவனுக்கு இயன்றது எங்ஙனம் என வியந்து நோக்கினால், அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது; சாவி சதையை அறுத்து எலும்பு வரை சென்றிருந்தது. சிறுவனோ அதனை உணரவேயில்லை. அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. நோய் விரலைத் தின்னவில்லை. நோவை மாத்திரமே அது தின்றது. நோவு இழந்த கை, கொதிக்கும் பானையைத் துணியின்றி இறக்கிச் சுட்டுக்கொண்டது. மண்வெட்டிக் காம்பை வேண்டுமளவுக்கு மேல் இறுகப் பற்றிப் புண்பட்டது. புண்ணை உணராமையால் ஓய்வு கொடாது மீண்டும் உழைத்தது. இரவில் உறங்குகையில் எலிகள் விரலைக் கடித்தமையும் உண்டு; அதன்பொருட்டு நோயாளர் இல்லம் செல்லுகையில் பூனைகளையும் கொடுத்தனுப்பினராம்.

நாம் சாபமெனக் கருதும் நோவு எத்தகைய காவற்காரன் என்பதை இதனால் அறிகின்றோம். அனலைத் தொட்ட கை, அச்செய்தி மூளைக்கு எட்டி நாம் உணருமுன்னரே, முதுகுத்தண்டின் ஆணையால் பின்வாங்கிவிடுகின்றது. நெடுந்தூரம் நடக்கும்போது நாம் அறியாமலே பாதத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குப் பாரத்தை மாற்றிக்கொள்கின்றோம். உணர்வற்ற பாதமோ அடிதோறும் ஒரே இடத்தில் ஊன்றிப் புண்ணாகின்றது. இதனை ஆராய்ந்தே தொழுநோயாளருக்கென மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகள் நம் நாட்டில் செய்யப்பட்டன. கண்ணில் விழும் மெல்லிய தூசியும் நோகின்றமையால் நாம் இமைக்கின்றோம். அவ்வுணர்வு போனால் இமைத்தல் குறைந்து பார்வையும் போகின்றது. பாதத்தில் தாங்கத்தக்க அழுத்தம் கண்ணில் தாங்கொணாததாக அமைந்திருத்தலைக் காணுங்கால், ஒவ்வோர் அவயவத்திற்கும் அதனதன் தன்மைக்கேற்ற காவல் அளக்கப்பட்டிருத்தல் தெளிவாம். பாக்கிஸ்தானின் வடபகுதியைச் சேர்ந்த சில குடும்பங்களில் பிறப்பிலேயே நோவு அறியாத குழந்தைகள் இருத்தலை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதற்குக் காரணமான ஒரே ஒரு பரம்பரைக் கூற்றின் பழுதை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தெருவில் கத்தியால் தன் கையைக் குத்திக் காட்டியும் தணல்மேல் நடந்தும் பிழைத்துவந்த ஒரு சிறுவன், பதினான்கு வயது நிரம்புமுன் கூரையிலிருந்து குதித்து மாண்டான். நோவற்ற வாழ்வு பேறன்று. அது காவலற்ற கோட்டை.

பிராண்ட் பின்னர் அமெரிக்க நாட்டில் பணிபுரிகையில், உணர்விழந்த கைகளுக்குச் செயற்கை நோவு ஒன்றை அமைக்கத் தம் தோழருடன் முயன்றார். அழுத்தத்தை அறியும் கருவிகளைக் கையுறையில் பொருத்தி, அபாயம் நேர்கையில் ஓசை எழுமாறு செய்தனர். நோயாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஓசைக்குப் பதிலாக மின்னதிர்ச்சியை அமைத்தனர்; செய்ய விரும்பிய வேலை குறுக்கிட்டபோது நோயாளர் அதனை நிறுத்திவைத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டனர். கருவிகளும் அடிக்கடி பழுதடைந்தன. ஆண்டுகள் பல உழைத்தும் முயற்சி கைகூடவில்லை. விரல் நுனியில் நாம் இலவசமாகப் பெற்றிருப்பதன் அருமை, அதனைச் செய்யப் புகுந்து தோற்றவர்க்கே நன்கு விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். நோவு நன்மையென மேடையில் முழங்குதல் எளிது. நோயாளியின் கட்டிலருகே அவ்வாறு கூறுதல் கொடுமை. காவற்காரன் கூவி எழுப்பிய பின்னும், கள்வனைப் பிடித்த பின்னும், ஓயாமல் கூவிக்கொண்டேயிருக்கும் நோவும் உண்டு. புற்றுநோய் முற்றியவர் படும் வேதனை எதனைக் காக்கின்றது? அதனைத் தணிப்பதே கடமை. அதற்கு விளக்கம் கூறுதலன்று. யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் அவனோடு மௌனமாய்த் தரையில் அமர்ந்திருந்த வரையில் நல்ல நண்பராகவே இருந்தனர். வாய் திறந்து காரணம் கூறத் தொடங்கியபோதே பிழைபட்டனர். ஆதலின், என் நோவைக் குறித்து யான் நன்றி செலுத்தலாம். பிறனுடைய நோவைக் குறித்து அவனை நன்றி செலுத்தும்படி ஏவ எனக்கு அதிகாரமில்லை. பிறனுடைய நோவு என் செவிக்குக் கேட்கும் அழைப்பேயாகும்.

இதனாலன்றோ அப்போஸ்தலனாகிய பவுல், கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் திருச்சபையைச் சரீரமென உருவகித்து, ஓர் அவயவத்தின் பாடு எல்லா அவயவங்களின் பாடுமாகும் எனப் போதிக்கின்றார்! சரீரம் உயிரோடிருப்பதற்கு அடையாளம் அதன் அழகன்று. கடைசி விரலின் நோவு தலைக்கு எட்டுதலே. அது எட்டாத சபை, எத்துணைக் கோபுரம் உயர்த்தினும் எத்துணைப் பாடல் பாடினும், உணர்விழந்த சரீரமேயாம். தன் அவயவங்கள் ஒவ்வொன்றாய்த் தேய்தலையும் அறியாது.

சிகிச்சை பெற்ற ஒரு மனிதரைப் பற்றிப் பிராண்டே கூறியதொன்று நம் நெஞ்சைச் சுடும். கை நிமிர்ந்து இல்லம் சென்றவர் சில காலம் கழித்துத் திரும்பி வந்து, நீர் கொடுத்த கைகள் பிச்சைக்கு உதவாத கைகள் என்னும் கருத்துப்பட முறையிட்டாராம். கொக்கிபோல் மடங்கிய கையைக் கண்டு காசிட்டோர், நிமிர்ந்த கையைக் கண்டு இடவில்லை. தழும்பைக் கண்டு வேலை கொடுப்பாரும், குடியிருக்க இடங்கொடுப்பாரும் இல்லை. வைத்தியர் விரலைச் சீர்ப்படுத்தினர். ஊர் என்னும் சரீரமோ உணர்விழந்தே கிடந்தது. அதன் பின்னரே அத்தகையோருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் புதுவாழ்வு நிலையம் ஒன்று வேலூரில் எழுந்தது.

இது பழங்கதையென நாம் ஆறுதல் கொள்ளலாகாது. தொழுநோயை முற்றிலும் தீர்க்கும் கூட்டு மருந்து முறையை உலக சுகாதார ஸ்தாபனம் 1982ஆம் ஆண்டு முதல் பரப்பிவருகின்றது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் தீர்கின்றது. அங்ஙனமிருந்தும், 2001ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கிறிஸ்தவருக்குரிய விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, கொடிய, தீராத தொழுநோய் என்பது மணவாழ்வை முறிக்கத்தக்க காரணங்களுள் ஒன்றாகப் புதிதாக எழுதப்பட்டது. வேறு சமயத்தார் சட்டங்களிலும் அத்தகைய விதிகள் இருந்தன. 2019ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றம் அவற்றை ஒருங்கே நீக்கியது. தீரும் நோயைத் தீராததெனச் சட்டத்தில் நாம் எழுதிவைத்திருந்த அப்பதினெட்டு ஆண்டுகளிலும், ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் கிறிஸ்து தொழுநோயாளனைத் தொட்டுச் சுத்தமாக்கிய வரலாறு வாசிக்கப்படாமலில்லை.

இருளை மாத்திரம் கூறி முடித்தல் நன்றன்று. பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் பெண் வைத்தியர், 1954ஆம் ஆண்டில் சாலை விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் அசைவும் உணர்வும் இழந்தார். அவர் வாழ்க்கை முடிந்ததெனப் பலர் நினைத்தனர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே ரண சிகிச்சை பயின்று, தொழுநோயாளரின் கைகளைச் செப்பனிட்டார். பின்னர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்று வந்து, சரீரம் முடங்கியோரை மீண்டும் வாழப் பழக்கும் மருத்துவத் துறையை வேலூரில் தலைமை தாங்கி வளர்த்தார். 1972ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. உணர்விழந்த கால்களையுடைய வைத்தியர் ஒருவர், உணர்விழந்த கைகளையுடைய நோயாளிக்கு முன்னே அமர்ந்திருக்கும் அக்காட்சியைச் சிறிது நினைத்துப் பாருங்கள். பழுதற்ற சரீரமே கடவுளின் கைத்திறனுக்குச் சான்று என்று கூறுவோர் அவ்வறைக்குள் நுழைந்தால் என் சொல்வர்? பெல் எழுதிய நூலில் இல்லாத அத்தியாயம் ஒன்று அங்கே எழுதப்பட்டதென்பேன்.

நம் மயிலாப்பூரோடு பாரம்பரியம் இணைத்துக் கூறும் தோமா என்னும் சீடர், உயிர்த்தெழுந்த ஆண்டவரை நம்புதற்குக் கேட்ட அடையாளம் யாது? முகத்தின் ஒளியன்று, குரலின் இனிமையன்று. கைகளிலிருந்த ஆணிக் காயமே. மரணத்தை வென்ற சரீரத்திலும் அத்தழும்புகள் மறையவில்லை. நலமுள்ள கையைக் கண்டு கடவுளின் ஞானத்தை எச்சமயத்தவரும் வியக்கலாம், வியக்கவுஞ் செய்கின்றனர். காயமுற்ற கையில் கடவுளைக் காணல் வேண்டும் என்பதே கிறிஸ்தவனுக்குரிய சிறப்பு.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே, உங்கள் ஆராய்ச்சிச் சாலையில் எலும்புக்கூட்டின் கையை எண்ணிப் பயிலுங்கால் அச்சமின்றிப் பயிலுங்கள். உண்மை எதுவும் உண்மையின் தேவனுக்குப் பகையன்று. ஆனால் எண்ணுதலோடு நில்லாதீர்கள். 2023ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. உலகில் அவ்வாண்டு கண்டறியப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. தோலில் வெளிறிய, உணர்வற்ற ஒரு சிறு படையே பெரும்பாலும் அதன் முதற்குறி. அதற்குரிய மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. காலத்தில் உண்டால் விரல் ஒன்றும் இழக்க வேண்டுவதில்லை. பெரும்பாலான மக்களுக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. இச்செய்தியை விடுமுறைக்கு இல்லம் செல்லுகையில் உங்கள் ஊரில் ஒருவருக்கேனும் கூறுங்கள். அந்நோயின் பெயரை வசைச் சொல்லாக வழங்குவோரைத் தடுத்து நிறுத்துங்கள். நோய் தீர்ந்தும் ஒதுக்கப்பட்டவர் எவரேனும் உங்கள் தெருவில் இருப்பராயின், அவர் கையைப் பிடித்துக் குலுக்குங்கள்.

அக்கை உங்கள் கையின் வெம்மையை ஒருவேளை உணராதிருக்கலாம். ஆயினும், அதனைப் பற்றிய உங்கள் விரல்களை அவர் கண்கள் காணும். உணர்விழந்த அவயவத்தைக் கண்ணால் காத்துக்கொள்ளும்படி தொழுநோயாளருக்கு வைத்தியர் கற்பிப்பது வழக்கம். ஒருவர்க்கு இல்லாத உணர்வை மற்றவர் ஏற்று நிற்பதே சரீரத்தின் இயல்பு. திருச்சபையின் இயல்பும் அதுவேயாதல் வேண்டும். நம் கை இன்று நோகின்றதா? எனில், அது உயிரோடிருக்கின்றது. பிறர்க்காக நம் நெஞ்சு நோகின்றதா? எனில், நாமும் உயிரோடிருக்கின்றோம். அதனினும் பெரிய அதிசயம் இச்சரீரத்தில் யான் அறிந்த அளவில் வேறில்லை.